பனியில் கிடந்தவனின் பூட்ஸ்

சவரியப்பனுக்கு இடது மணிக்கட்டுக்குக் கீழே கை கிடையாது. பர்மா சண்டையில் போனது. ஒற்றைக் கையனுக்கு ஆவூரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும், அங்கே பெரிய உத்தியோகம் பார்த்த ரெங்கராஜ் திருக்கோகர்ணத்துப் பங்களாவோடு ஒதுங்கிக்கொண்டார். அவருடைய புத்தகங்களுக்குத் தூசி தட்டும் வேலை சவரியப்பனுக்குக் கிடைத்தது.

ஒரு புத்தகம் மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. நூறு வருசத்துக்கு முன்னால் பனி கொட்டும் தேசத்தில் நடந்த போரை, பட்டாளத்தோடு போன ஓவியர் ஒருவர் நேரில் பார்த்து வரைய, கல்லச்சில் எடுத்த படங்கள். ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். விருந்தாளி வந்தால் புத்தகம் மேசைக்கு வரும். கை போன சிப்பாய் ஒருவன் கிடக்கும் ஆஸ்பத்திரிக் கூடாரப் படம் வந்ததும், "சவரி, இங்கிட்டு வா. கையக் காட்டு" என்பார் ரெங்கராஜ். அவன் சட்டையை மடித்து, மொட்டைக் கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டும். "பாருங்க, அச்சு அசல்!"

பதினான்கு வருசம் நீட்டினான். கூசத்தான் செய்தது. ஆனால் தனியாக இருக்கும்போது ரெங்கராஜ் அவனை உட்காரவைத்துப் பர்மாக் கதை கேட்பார். வேறு யாரும் கேட்டதில்லை. மனைவி அடைக்கலமேரியிடம்கூட அவன் வாய் திறந்ததில்லை. கேட்க ஆள் கிடைத்த மயக்கத்தில், சொல்லக்கூடாத ஒன்றையும் ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டான்.

1962 கடைசியில் தந்தி வந்தது. பட்டாளத்தில் இருந்த ஒரே மகன் மரிய அந்தோணி சீன எல்லையில் இறந்துபோனான். உடல் வரவில்லை.

"பனின்னா எப்படிங்க இருக்கும்? எம்புள்ள எதுக்குள்ள கெடக்கான்?" அடைக்கலமேரி இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பர்மாவில் சவரியப்பன் கண்டது மழையும் சேறும்தான். ரெங்கராஜிடம் போய் நின்றான்.

"ஐயா, அந்தப் பனிப் படத்த எம்பொஞ்சாதி ஒருதரம் பாத்துக்கிரட்டுங்களா?"

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா."

போனால் கூடத்தில் நாலு விருந்தாளிகள். "சொன்னேன்ல, இவதான் அந்தப் பையனோட ஆத்தா" என்று ரெங்கராஜ் காட்டினார். சவரியப்பனுக்கு அப்போதே திரும்பிவிடத் தோன்றியது. அடைக்கலமேரி அதற்குள் மேசையருகே போய்விட்டாள்.

வெள்ளை வெளேரென்ற சரிவு. ஒருவன் மல்லாந்து கிடக்க, இன்னொருவன் அவன் காலடியில் குந்தியிருந்தான்.

"இவரு என்ன செய்யிறாரு?"

"பூட்ஸக் கழட்டுறான்" என்றார் ரெங்கராஜ். "குளிருதுல்ல? சாகுறதுக்கு முன்னாலயே கழட்டிருவானுங்க."

"எம்புள்ளைக்குமா?"

"பின்ன?"

அவள் கணவனைப் பார்த்தாள். "பொய்தானேங்க?"

"பொய்தான்" என்றான் சவரியப்பன்.

ரெங்கராஜ் சிரித்துவிட்டார். "என்னடா பொய்? பர்மாவுல நீயே கழட்டினேன்னு சொன்னியே!"

விருந்தாளிகள் புத்தகத்தை விட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

வெயிலில் ஆவூர் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அடைக்கலமேரி நின்றாள்.

"நீங்க கழட்டுனப்ப அந்த ஆளு செத்துட்டானா, உசுரோட இருந்தானா?"

இன்னொரு பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. "உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டான்."

"குடுத்தீங்களா?"

அவள் ரோட்டோரப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து மாரில் அடித்துக்கொண்டாள். அவன் தொடப் போனபோது, "அந்தக் கையாலயா?" என்றாள்.

மறுவாரமே திருவரங்குளத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனவள், பிறகு திரும்பவில்லை. அவன் இரண்டு முறை போய்க் கூப்பிட்டான். இரண்டாம் முறை தம்பிதான் வாசலுக்கு வந்து, "அக்கா வரலைங்கிறா, மச்சான். நீங்க கெளம்புங்க" என்றான்.

சவரியப்பன் பங்களா வேலையை விடவில்லை. விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அடுத்த மாதம் மதுரையிலிருந்து புது விருந்தாளிகள் வந்தார்கள். ரெங்கராஜ் இப்போது கூடாரப் படத்தோடு நிறுத்துவதில்லை. பனிப் படத்தையும் திருப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்:

"சவரி, வா. எப்படிக் கழட்டினேன்னு சொல்லு."

அவன் சொன்னான்.