சர்வருக்குச் சித்தமானால்

அஸ்தினாபுரத்தில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு அந்த ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார். தொண்ணூறு தாண்டியவர். இன் செய்த வெள்ளைச் சட்டை, கையில் சின்ன பைபிள். பென்ஷன் வர வேண்டுமென்றால், உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். சாக்பீஸ் பிடித்தும் வேதம் புரட்டியும் அவர் விரல்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. பத்து விரலையும் மெஷின் ஏற்க மறுத்தது.

"நாளைக்கு வாங்க சார்" என்று நான் சொல்லும்போதெல்லாம், "கர்த்தருக்குச் சித்தமானா வரேன்மா" என்பார். அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"முதல்ல சர்வருக்குச் சித்தமாகணும் சார்!"

வாய்விட்டுச் சிரித்தார்.

"ஃபாரினெல்லாம் சுத்தினேன்னீங்களே, அங்க மட்டும் உங்க ரேகையை எடுத்துக்கிச்சா?"

"அங்கெல்லாம் நீ யாருன்னுதான்மா கேட்டாங்க. இங்கதான், நீ இருக்கியான்னே கேக்கறாங்க."

மறுபடி கட்டைவிரலை வைத்தார். மறுபடி சிவப்பு விளக்கு. எரிச்சலில் மெஷினை ஓங்கித் தட்டினேன்.

"பாவம், அதை அடிக்காதேம்மா" என்று எழுந்து, கைகூப்பி வணக்கம் சொன்னார்.

எதிரில் நின்று எனக்கு வணக்கம் சொன்ன அந்த மனிதரைத்தான், இல்லை என்று மூன்றாம் நாளும் திருப்பி அனுப்பினேன்.