ஜெரால்டை ஏழு முறை ஜெயித்த கதை

இன்று மத்தியானம் நல்லூர் பிரவுசிங் சென்டரில் ஜெரால்டுடன் கப்பல் சண்டை விளையாடினேன். ஜெரால்டு எங்கள் பனியன் கம்பெனியில் டெய்லர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர்.

ஆறு ஆட்டம். ஆறும் எனக்கே.

ஒவ்வொரு முறையும் ஒரே தப்பைச் செய்தார். அவருடைய கப்பல் ஒன்று மூழ்க ஆரம்பித்ததும் மற்ற கப்பல்களையெல்லாம் அதைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார். நான் மொத்தமாகச் சுட்டுத் தள்ளுவேன்.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏனுங்க ஜெரால்டு, எதுக்குங்க எல்லாத்தையும் அங்கயே கொண்டு போறீங்க?"

"ஒரு வள்ளம் கவுந்தா மத்த வள்ளமெல்லாம் அங்கதானண்ணே போவும்" என்றார், திரையைப் பார்த்தபடியே. "எங்க அண்ணன் வள்ளம் கவுந்தப்ப மூணு நாளு ஊர்ல ஒருத்தரும் வலை போடல. எல்லாரும் தேடுனாவ."

"கெடச்சாருங்களா?"

"இல்லண்ணே. இன்னொரு ஆட்டம் போடுவமா?"

இந்தத் தடவை அவர் ஜெயிக்கட்டும் என்று என் கப்பல் ஒன்றை அவருடைய பீரங்கிக்கு நேராக விட்டேன். சுட்டார். அது மூழ்க ஆரம்பித்தது.

உடனே ஜெரால்டு சுடுவதை நிறுத்திவிட்டார். தன் கப்பல்களையெல்லாம் என் கப்பலை நோக்கித் திருப்பினார்.

வரிசையாக வந்தன. என் விரல் பழக்கத்தில் சுடும் பட்டனை அழுத்திவிட்டது.

ஏழாவது வெற்றி. என் பக்கம் இழப்பு ஒரே ஒரு கப்பல்தான் என்று திரை காட்டியது.

அடுத்த ஞாயிறு இந்த மாவீரனோடு மோத யார் வருகிறீர்கள்? என் கப்பல் மூழ்கினாலும் நிறுத்தாமல் சுடுகிற ஆளாக இருந்தால் மட்டும் வாருங்கள்.