மாட்டுக்கறியும் தட்டுவடையும்

என் கணவர் வாழ்க்கையில் ஒரே ஒரு சமையல்தான் கற்றுக்கொண்டார். அதையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை அடுக்களைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் வருவார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஸ்லோ குக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, கரண்டில் நாள் முழுக்க மெல்லச் சூடாகிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை விசிலுங்க?" என்று கேட்டார். விசிலே கிடையாது என்றதும் அவருக்கு அதன் மேலிருந்த மரியாதை போய்விட்டது. என் கணவருக்கோ அன்றுதான் மரியாதை பிறந்தது. சின்ன பாய்லர் ஒன்று வீட்டுக்கே வந்துவிட்டதுபோல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மகள் ஒரு சாண்ட்விச்சும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். எலும்பில்லாத மாட்டுக்கறியைப் பெரிய துண்டாகவே குக்கரில் வைத்து, வெங்காயம், பூண்டு, சோயா சாஸ், ஒரு பாக்கெட் சூப் பொடி எல்லாம் போட்டு விடியற்காலையில் மூடிவிட வேண்டும். அவர் சர்ச்சுக்குப் போய் வந்து, பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்து முடிப்பதற்குள் கறி நார்நாராகப் பிரிந்துவிடும். அதை வெண்ணெய் தடவிச் சுட்ட பன்னுக்குள் அடைத்து, குக்கரில் தங்கிய சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவோம். நான் புதுச்சத்திரத்துப் பெண். என் பிறந்த வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் வீட்டில் ஒரு வாய் தின்று பார்த்தவள், அப்புறம் விடவே இல்லை. என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் குக்கரைப் பார்ப்பார். உள்ளே என்ன என்று கேட்க மாட்டார். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். காபி மட்டும் குடித்துவிட்டு, "சரி சாமி, போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வயிறு தகராறு செய்ய ஆரம்பித்தது. உப்புசம், வலி, பேதி, ரத்தக்குறைவு. முடியும் கொட்டியது. உள்ளூரில் கேஸ் டிரபிள் என்றார்கள். வயசு என்றார்கள். வீட்டில் என் கணவர் வைத்தியம் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியமும் ஒன்றுதான்: மோரில் பெருங்காயத்தைக் கலக்கி, பக்கத்திலேயே நின்று, டம்ளரின் அடிவரை குடிக்க வைப்பது. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற சத்து என் குடலுக்கு ஆகாது, ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை எதையும் தொடக்கூடாது, ஒரு துளி போனாலும் குடல் புண்ணாகும் என்று சொல்லிவிட்டார்.

"பரோட்டாவுங்களா?" என்று என் கணவர் அவரைக் கேட்டார். நோயாளி அவர்தான் என்று டாக்டர் ஒரு நிமிஷம் நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்லோ குக்கரைத் துடைத்து, துணி போட்டு மூடி, பீரோ மேல் ஏற்றிவிட்டார். நான் சாப்பிட முடியாததை அவரும் சாப்பிட மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் ஆளுக்கொரு தட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரும் எனக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே நானும் கையில் சாறு வழியச் சாப்பிட வேண்டும்; அடுத்து வயிறு என்ன செய்யுமோ என்ற பயம் இல்லாமல் சாப்பிட வேண்டும். இதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அன்று சாயங்காலமே குக்கர் பீரோவிலிருந்து இறங்கியது. மறுநாள் அவர் பூதக்கண்ணாடியோடு மளிகைக்கடைக்குப் போனார். சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பினால் கோதுமை. சூப் பொடியைத் திருப்பினால் கோதுமை. ஒவ்வொன்றையும் பிடிபட்ட திருடனைக் காட்டுவதுபோல எனக்குக் காட்டிவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தார். சாஸுக்குப் பதிலாகப் புளிக்கரைசலும் நாட்டுச்சர்க்கரையும், சூப் பொடிக்குப் பதிலாக மிளகும் மல்லியும் வறுத்து அரைத்தோம். செல்போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்பா, அதுக்குப் பேரு புளிக்குழம்புப்பா" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

கறி சரியாகிவிட்டது. பன்தான் படுத்தியது. சேலத்தில் பெரிய கடையில் கோதுமையில்லாத ரொட்டி வாங்கிவந்தார். எடுத்துக் கடிப்பதற்குள் மடியில் உதிர்ந்தது. அரிசிமாவில் நானே ஒரு பன் சுட்டேன். அது கல்லாகிவிட்டது; கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டோம். ராகி அடை வளையவில்லை. இட்லியை இரண்டாக அறுத்து நடுவில் கறியை வைத்தார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வழி கிடைத்தது சேலத்துத் தெருவோரத்தில்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிப் பக்கம் நின்றோம். மொறுமொறுவென்ற இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவே சட்னி, பீட்ரூட் துருவல், வெங்காயம். வெளியே எதையும் நம்பக்கூடாது என்பதால் நாங்கள் வாங்கவில்லை, வேடிக்கைதான் பார்த்தோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுவும் சாண்ட்விச்சுதான?" என்றார். சேலத்துக்காரர்கள் காலங்காலமாகச் சாயங்காலம் நின்றுகொண்டே தின்பதை அவர்தான் கண்டுபிடித்ததுபோல முகமெல்லாம் பூரிப்பு.

தட்டுவடைக்கு அரிசிமாவு வேண்டும். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு நம்முடையதிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மில் திறக்கும் முன்பே போய் நின்று, மெஷினை நன்றாகத் துடைக்கச் சொல்லி, முதல் மாவாக எங்கள் அரிசியைப் போட வைத்தார். மாவிளக்குக்குத்தான் இங்கே அப்படித் துடைத்து அரைப்பார்கள். மில்காரர், "ஏனுங்க, எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்ட மாவுங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர், "ஊட்டுக்காரிக்கு நேந்துக்கிட்டதுங்க" என்றாராம். என்னிடம் வந்து அதை நான்குமுறை சொல்லிக் காட்டினார்.

அரிசிமாவு, பொட்டுக்கடலை மாவு, எள், மிளகாய், வெண்ணெய் எல்லாம் போட்டு நான் பிசைந்தேன்; வழக்கம்போல் பெருங்காயமும் போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் போடு சாமி, வகுறுக்கு நல்லது" என்று தன் கையாலும் தாராளமாகத் தூவினார். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரித்து, நடுவில் கறியை வைத்து, சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசி. பன்னில் சாப்பிட்டதெல்லாம் ஒத்திகைதான் என்று தோன்றியது.

சாயங்காலமே வயிறு முறுக்கியது. அவர் பதறிப்போய்ப் பெருங்காய மோர் கலக்கிக் கொடுத்தார். ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை. வலி கூடியதே தவிரக் குறையவில்லை. மில்காரர்மேல் சந்தேகப்பட்டார், கறிக்கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டார், கடைசியில் என்னிடமே வந்தார்.

"தெரியாம பிஸ்கட்டு கிஸ்கட்டு தின்னுட்டயா?"

"ஆமாங்க, பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சுத் திங்கறேன்."

அவர் போய் பீரோவைத் திறந்து பார்த்தார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே கதை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரும், "நீங்க கோதுமையை நிறுத்தவே இல்லியேம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எனக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் கொடுப்பினை இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியில் ஜலகண்டாபுரத்தில் அவர் சித்தி வீட்டில் ஒரு விசேஷத்துக்குத் தலைகாட்ட இறங்கினோம். திரும்பிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பெருங்காயம் தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்தது. மோர் வைத்தியத்தில் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருந்தது. எதிரில் இருந்த மளிகைக்கடையில் வாங்கினேன். வாங்கிவந்ததும் வீட்டில் பாட்டிலில் கொட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவது என் வழக்கம். இவர் கைக்கு டப்பா முழுசாக வந்தது அன்றுதான். பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

நான் வாங்கிப் பார்த்தேன். கோதுமை மாவு என்று போட்டிருந்தது.

"பெருங்காயத்துல மாவு கலக்காம எப்படிங்க? தனியாப் போட்டா காட்டம் தாங்குமுங்களா?" என்றார் கடைக்காரர். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதிபோலச் சொன்னார். எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அது மருந்து. மருந்தை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

பஸ்ஸில் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டூர் நெருங்கும்போது, "வலிக்குதுன்னு நீ சொல்லச் சொல்ல, நாந்தான கலக்கிக் கலக்கிக் குடுத்தேன்" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"போகுது வுடுங்க. விஷம் வெச்சாலும் மோருலதான வெச்சீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.

அஞ்சறைப்பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தார். பெருங்காய பாட்டிலை வீட்டைவிட்டே ஒழித்தார். என் வயிறு ஆறட்டும் என்று சில வாரம் பொறுத்திருந்து, மறுபடி ஒரு ஞாயிறு குக்கரை மூட்டினார். பெருங்காயம் இல்லாத தட்டுவடை, புளிக்குழம்பு என்று மகள் கேலி செய்த அதே கறி. எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த ஒன்றைக்கூட முடிக்காமல் வைத்திருந்தார்.

அதற்கப்புறம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். மணிக்கு ஒருதரம், "வகுறு எப்படி இருக்குது சாமி?" என்றார். இத்தனை நாளும் அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் "இருக்குதுங்க" என்பதுதான். பொழுது சாயும் நேரத்தில் மறுபடி வந்து நின்றார்.

"வகுறு எப்படி இருக்குது?"

"பசிக்குதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனார். குக்கரின் கண்ணாடி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை வெக்கட்டும் சாமி?" என்று அடுக்களையிலிருந்து கேட்டார்.

"இருக்கறதெல்லாங் கொண்டாங்க" என்றேன்.