மதினியின் நாலாவது பாட்டு

பாட்டுக் கேட்கும்போது கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பது என் வழக்கம். கொட்டகலையில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு எப்போதாவது வரும் சக ஆசிரியைகள் இதைக் கேலி செய்வார்கள். காட்சியோடு வரும் பாட்டைப் பார்க்காமல் கேட்பது என்ன வீம்பு என்பார்கள். அது மதினியிடமிருந்து வந்த வழக்கம் என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கல்யாணமாகி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தவர். அண்ணனுக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகத்தைக் காட்டுவார். மதினி கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட் இருந்தது. அந்தப் படம் ஹட்டனில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. குழம்பில் உப்புக் கூடினால்கூட எங்கள் லயத்தில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். மதினி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, விரல் கறையைத் தேய்த்துக் கழுவியதும் கேசட்டைப் போடுவார். நாலாவது பாட்டு வரும்போது கூடவே பாடுவார். மெல்லிய, கொஞ்சம் பிசிறடிக்கும் குரல். வாழ வந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது புரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே புரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் டிவியில் வந்தது. லயத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. அக்கம்பக்கத்து ஆட்கள் சிரிக்கத் தயாராகவே வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது பாட்டு தொடங்கியதும் மதினி டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த என் கையையும் பிடித்து இழுத்தார்.

“படத்தப் பாக்காத புள்ள. கண்ண மூடிக்கிட்டுக் கேளு.”

திரையில் கதாநாயகன் வெள்ளைக் கோட்டோடு ஆட்டு மந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தான். எல்லாரும் எங்களைப் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கையை உதறினேன். “மதினிக்குப் புடிச்சதுல்ல, இப்பிடித்தான் இருக்கும். அதெல்லாம் ஒரு படமா?” என்று சத்தமாகச் சொன்னேன். வீடே சிரித்தது. மதினியும் சிரித்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கடைசி வரை படத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கேசட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அவர் பாடி நான் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இடையில் இரண்டு மூன்று முறை வந்து போனதோடு சரி. அந்தப் பாட்டை இணையத்தில் தேடிப் பிடித்து நான் கேட்கத் தொடங்கியது வெகுகாலத்துக்குப் பிறகு. படம் மோசம்தான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாட்டு அப்படியில்லை. இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான்.

போன வெள்ளிக்கிழமை, பாட்டு பாதியில் இருக்கும்போது குவைத்திலிருந்து அவரே அழைத்தார். “அந்தப் பாட்டத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன் மதினி. கொஞ்சம் பாடுங்களேன்” என்றேன். இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட மன்னிப்பை எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரிந்தது.

“எந்தப் பாட்டு?”

படத்தின் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்தார்.

“அதெல்லாம் ஒரு படமா புள்ள?”

“படம் இல்ல மதினி, பாட்டு...” என்று நான் தொடங்குவதற்குள், வேலை செய்யும் வீட்டு மேடம் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அழைப்பால் நின்றுபோன பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.