பாதி விலைக்கு வந்த சலங்கைப் பட்டை

இடது கையில் தையல். அதனால் ஒரு கையால்தான் இதைத் தட்டுகிறேன்.

பழைய பொருள் விற்கும் செயலியில் ஒரு மாட்டுச் சலங்கைப் பட்டை வந்திருந்தது. ‘கைவேலை, எண்பதுகளைச் சேர்ந்தது’ என்று போட்டிருந்தார்கள். பித்தளை வளையத்தில் எங்கள் அப்பாவின் பெயர். எருது விடும் விழா அடிதடியில் பறிபோன பட்டை அது. அப்பாவின் முன்பல்லும் அன்றுதான் போயிற்று.

விலை இறங்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். இன்று இறங்கியது. நேரிலேயே வாங்கிவிட ஓசூரில் விற்பவர் வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் பட்டையைப் பிடித்தபடி பக்கத்து ஊர் சென்னப்பன். அன்று அதைப் பறித்தவரின் மகன். அவர்கள் வீட்டிலிருந்தும் எப்போதோ பழைய சாமானோடு கைமாறிப் போனதை, விலை இறங்கியதும் அவனும் வாங்க வந்திருந்தான்.

“உங்கப்பன் அறுத்துக்கினு ஓடுனதுதானேடா இது?” என்றேன்.

“செயிச்சி எடுத்ததுடா. வேணும்னா உங்கப்பன் பல்லையும் தேடித் தரேன்,” என்றான்.

அவன் மூக்கில் குத்தினேன். அவன் என்னை இரும்புக் கேட்டில் மோதினான். என் உள்ளங்கை கிழிந்தது. என் பற்கள் பத்திரமாக இருப்பதற்கு, நான் கடித்த அவன் வலது கையே சாட்சி. ஆளுக்கொரு முனையாக இழுத்ததில் காய்ந்த தோல் இரண்டாகப் பிய்ந்தது. விற்கும் அம்மா “ஹோக்ரோ ஆச்சே!” என்று, வெளியே போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்தி, துடைப்பத்தால் விளாசி எங்களைத் தெருவுக்கு விரட்டினார்.

மருத்துவமனையில் இருவர் போனும் ஒன்றாக ஒலித்தன. ‘நீங்கள் விரும்பிய பொருள் இப்போது பாதி விலையில். குறிப்பு: இரண்டு துண்டு, ரத்தக் கறை உண்டு.’

அவனுடைய வலது கையில் நர்ஸ் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கிவிட்டேன்.

ஓசூர் நண்பர்கள் யாராவது போய் எடுத்து வருவீர்களா? அந்தம்மா இன்னும் துடைப்பத்தைக் கீழே வைத்திருக்க மாட்டார்.