அண்ணன் ஆடியது இரண்டாம் பிரிவில்

சந்தியில் இறங்கி நடந்து வந்தவர்கள் எங்கள் அண்ணனின் படம் போட்ட பதாகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெயருக்குக் கீழே ஒரு வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. தாளுக்கு அடியில் இருப்பது "ஜேர்மன் தேசிய அணியின் முன்னாள் வீரர்" என்ற வரி. அது பொய். அண்ணன் ஒரு நாளும் ஜேர்மன் தேசிய அணிக்கு விளையாடவில்லை. முதலாம் பிரிவிலும் விளையாடவில்லை. இரண்டாம் பிரிவில், ஒரே கழகத்துக்கு, நடுக்களத்தில் நின்று பன்னிரண்டு வருடம் விளையாடினார். அண்ணன் இறந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் சொந்தங்கள் அதைச் சரியாக அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. உள்ளதை எழுத வரும்.

கல்லடிக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணலில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா கடற்றொழில் செய்தவர். அம்மா புளியந்தீவுச் சந்தையில் இறால் விற்றவர். அங்கே பிள்ளைகள் உதைபந்து விளையாடும் இடத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. பந்து எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்தான். விட்டவன்தான் நீந்தி எடுக்க வேண்டும் என்பது அவர்களின் சட்டம். அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் பயம். மீன்பிடிக்காரனின் மகனுக்குத் தண்ணிப் பயம் என்று ஊரே பகிடி பண்ணியதாம். அதனால் அவர் பந்தை உயர அடிக்கவே மாட்டார். நிலத்தோடு உருட்டி, பக்கத்தில் நிற்பவனின் காலில் கொடுத்துவிடுவார். பிறகு ஜேர்மனியில் பயிற்சியாளர்கள் புகழ்ந்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

அண்ணனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, யுத்த காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஏன், எங்கே என்று இன்றுவரை எங்களுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. மகனாவது மிஞ்சட்டும் என்று அம்மா அண்ணனைச் சித்தப்பாவோடு ஜேர்மனிக்கு அனுப்பினார். எனக்கு அப்போது நாலு வயது. அண்ணன் போன நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தப்பாவுக்கு ஜேர்மனியில் ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் வேலை. அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்த் துணி மடிப்பார். பள்ளி மைதானத்தில் அவர் விளையாடியதைப் பார்த்த ஒருவர் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்த்தார். பத்து வருடத்துக்குள் அந்தக் கழகத்தின் பெரிய அணியில் ஆறாம் இலக்கச் சட்டை அவருக்குக் கிடைத்தது.

ஆறாம் இலக்கக்காரனின் வேலை, எதிரியிடம் இருந்து பந்தைப் பறித்துத் தன் ஆளிடம் கொடுப்பது. கொடுத்த உடனே கமரா அவரை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் போய்விடும். சித்தப்பா அனுப்பிய வீடியோ நாடாக்களில் அண்ணனைத் தேடிக் கண்டுபிடிப்பதே எங்களுக்குப் பெரிய வேலை.

"அவன் எங்க, மகள்?" என்று அம்மா கேட்பார்.

"அந்தா அம்மா, ஆறாம் நம்பர்."

"பந்த ஏன் மத்தவனுக்குக் குடுக்கான்?"

"அதுதான் அம்மா அண்ணன்ர வேல."

"சின்னனில இருந்தே இவனுக்கு ஒண்டையும் கையில வச்சிருக்கத் தெரியா கா."

தொலைபேசியில் அம்மா ஒரு நாளும் வென்றதா தோற்றதா என்று கேட்டதில்லை. "காலுக்கு ஒண்டும் இல்லையே மனே?" என்று மட்டும் கேட்பார்.

ஊருக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. "ரெண்டாம் பிரிவாமே, முதலாவதுல எடுக்கல்லையா?" பள்ளிக்கூடச் சோதனையின் மறுமொழி விசாரிப்பது மாதிரி என்னிடம் கேட்டவர்கள் சிலர் இன்றைக்கும் பந்தலில் இருக்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். உதைபந்தே மூச்சாக இருக்கிற அவ்வளவு பெரிய நாட்டில் இரண்டாம் பிரிவில் பதினெட்டு அணிகள்தான். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வருகிற இருபது வயதுப் பொடியன்களை வென்றால்தான் இடம் நிற்கும். நாலு ஆட்டம் சரியில்லை என்றால் ஆடவிடாமல் வாங்கிலில் இருத்திவிடுவார்கள். அங்கே பன்னிரண்டு வருடம் நிற்பது என்னவென்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கணவர் வீட்டில், கரடியனாற்றில் இருந்தேன். அம்மா மணலில் தனியாக இருந்தார். ஜேர்மனியில் குளிர்கால விடுமுறை. அண்ணன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி லொறிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலை, பள்ளிக்கூடங்கள், முகாம்கள் என்று பதின்மூன்று நாள் சுற்றினார். தன் வீட்டிலும் இரண்டு பேரை அடக்கிவிட்டு வந்தவர் அவர். கடைசி நாட்களில் வாவிக் கரையில் தேடினோம். தண்ணீருக்குப் பயந்த அண்ணன் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, உடைந்த கூரைகளைப் புரட்டினார். நானா கரையில் நின்று கத்துவார்: "தம்பி, கால் கவனம்! அது விளையாடுற கால்!" அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை.

அம்மா கிடைக்கவில்லை. அவரது ஒரு படத்தை வைத்து முப்பத்தோராம் நாள் செய்தோம். அதுவரை அண்ணன் நின்றார். திரும்பிப் போனபோது அவரது இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். மார்ச் வரை அண்ணன் வாங்கிலில் இருந்தார். பிறகு அந்த இடத்தை விளையாடித் திரும்ப எடுத்தார். இது உண்மை.

இதன் மேல் ஒரு கதை முளைத்தது. அந்த வருடம் ஒரு முதலாம் பிரிவுக் கழகம் அண்ணனைக் கேட்டிருந்தது என்றும், தை மாதம் அவர் ஒப்பமிட இருந்தார் என்றும், அம்மாவைத் தேட வந்ததால் அது கைவிட்டுப் போனது என்றும் சொன்னார்கள். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா இதைச் சொல்லாத வீடு கிடையாது. நானும் நம்பினேன். சுனாமி அன்றைக்குத் தொலைபேசியில் "வாங்க அண்ணா" என்று அழுதவள் நான். அண்ணனின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று இருபது வருடம் சுமந்தேன்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்து ஒரு கிழமை ஆவதற்குள் அண்ணனின் கடைசி ஆட்டம். தோற்றால் கழகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். ஜேர்மன் வீதிகளில் எங்கள் சனம் பதாகை பிடித்து அழுதுகொண்டு நின்றது. "சனம் சாகுது, உனக்குப் பந்தா?" என்று அவரைக் கேட்டார்கள். சித்தப்பாவிடமும் கேட்டார்கள். அண்ணன் போய் விளையாடினார். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் மைதானத்தில் துள்ளும்போது உடை மாற்றும் அறையில் இருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, தப்பிட்டம்."

"இஞ்ச முடிஞ்சுதெண்டு வெடி கொளுத்துறாங்க அண்ணா."

அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்க எல்லாரும் இரிக்கிங்களா?"

"இரிக்கிறம்."

"அது காணும்."

அவரது விளையாட்டு வாழ்க்கை அந்தப் பேச்சோடு முடிந்தது. பிறகு அதே கழகத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வருடா வருடம் மார்கழி மாதம் அண்ணியோடும் மகளோடும் இங்கே வந்து, அம்மாவுக்கு விளக்கு வைத்துவிட்டுப் போவார்.

போன வருடம் ஈரலில் நோய் என்றார்கள். எனக்கு விசா இரண்டு தரம் மறுத்தார்கள். ஒரு தங்கச்சி சாகிற அண்ணனைப் பார்க்கப் போவதற்கு எத்தனை கடிதம் வேண்டும் என்று அந்த விசா யன்னலில் நின்று கேட்டேன். மூன்றாம் தரம் தந்தார்கள். அண்ணன் சாகும்வரை ஒன்பது நாள் அவரோடு இருந்தேன். அதில் ஒரு பின்னேரம் கேட்டேவிட்டேன்.

"அண்ணா, முதலாம் பிரிவு போனது எங்களாலதானே?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"அவங்க ஐப்பசியிலயே வேண்டாமெண்டுட்டாங்க. கூப்பிட்டு ஓடவிட்டுப் பாத்தாங்க. ஓட்டத்துல ஒரு எட்டு, ஒரு அடி குறைவு எண்டாங்க. குறைவுதான்."

"அப்ப ஏன் இத எங்களுக்குச் செல்லல்ல?"

"நான் வந்து நிக்கக்க மாமா ஊரெல்லாம் செல்லிப்போட்டார். அம்மாக்காக விட்டிட்டு வந்தவன் எண்டு ஆக்கள் பாக்கக்க, எனக்கும் அது நல்லா இருந்திச்சு. மறுகா உண்மையச் செல்ல வெக்கம்."

"இருவது வருசம் நான் அழுதிருக்கன்."

"பிழைதான் தங்கச்சி. பெரிய பிழை."

எனக்கு வந்த கோபத்தில் எழும்பி வெளியே போனேன். செத்துக்கொண்டிருந்த மனிதனோடு அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். திரும்பி வந்தபோது அவர் சொன்னார்: "நீதான் வாய்க்காரி. நான் செத்தா நீயே செல்லு. ரெண்டாம் பிரிவெண்டு செல்லு. நான் அதுல கள்ளம் செய்யாம வேல செய்திருக்கன்."

அங்கே நடந்த இறுதிக் கிரியைக்குக் கழகத்தில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வீரர்களின் உடுப்புத் தோய்க்கும் முதியவர். என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். அண்ணி தமிழில் சொன்னார். ஆட்டம் முடிந்தால் எல்லாரும் காலுறையைச் சேறோடு சுருட்டி, உள்பக்கம் வெளியே கிடக்க எறிவார்களாம். பன்னிரண்டு வருடமும், தோற்ற நாளிலும், அதை நேராகத் திருப்பிக் கூடையில் போட்டவர் அண்ணன் ஒருவர்தானாம். சலவைக் கூடத்தில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் செய்யும். நான் கேட்ட எந்தப் புகழ்ச்சியும் எனக்கு இதற்கு மேல் இல்லை.

ஊருக்கு வந்தால் சந்தியில் மாமா கட்டிய பதாகை. அச்சகத்தில் இந்த மலரின் அட்டையிலும் அதே தேசிய அணி.

"மாமா, இது பொய்."

"பிள்ள, செத்த மனிசனுக்கு ஒரு சொட்டுக் கூட்டிப் போட்டா என்ன குறையுது?"

"கூட்டல்ல மாமா. கழிச்சிருக்கிங்க. அண்ணன் பன்னிரண்டு வருசம் செஞ்சத அழிச்சிட்டு, செய்யாததப் போட்டிருக்கிங்க."

"ஊர் சிரிக்கும் கா."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன ஒரு நாள் அங்க போய் ஓடச் செல்லுங்க."

அட்டையை நான் மாற்றுவித்தேன். மாமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இந்தக் கட்டுரையை அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். ஐப்பசியில் நடந்ததை எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஒரு எட்ட அவன் எனக்கும் செல்லியிருக்கலாம்" என்றார். எழும்பிப் போனார்.

கடைசி நாட்களில் அண்ணனைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், ஒரு இரவும் கண் மூடாத அண்ணி, தள்ளாத வயதிலும் கட்டில் அருகே இருந்த சித்தப்பா, அன்றைக்கும் இன்றைக்கும் லொறியோடு வந்து நின்ற நானா, பந்தல் போட்ட பக்கத்து வீட்டுத் தம்பிமார், அட்டையை மூன்று தரம் மாற்றியும் முகம் சுளிக்காத அச்சகத்தார் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கும்தான். கிரியைக்கான வேலை எல்லாவற்றையும் இழுத்துச் செய்தவர் அவர்.

மாமா இதை வாசித்துவிட்டுப் போன அடுத்த நாள் விடியச் சந்திக்குப் போனபோது பதாகையில் அந்த வரியை மூடித் தாள் ஒட்டியிருந்தது. நான் ஒட்டவில்லை. திரும்பிப் போகும்போது கிட்ட நின்று பாருங்கள். கறுப்பு மையில், கொஞ்சம் சரிந்த எழுத்தில் "இரண்டாம் பிரிவு, பன்னிரண்டு வருடம்" என்று எழுதியிருக்கும். அது மாமாவின் கையெழுத்து.