கன்னத்தை மறைத்துச் சொன்ன பாங்கு

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. புதுப்பட்டினம் பள்ளிவாசலில் நான்தான் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் வேலை. குரலைத் தவிர எனக்கு வேறு சொத்து இல்லை. அந்த வருஷம் என் இடது தாடை வீங்க ஆரம்பித்தது. வலி துளியும் இல்லை.

பார்ப்பவர்களுக்கு வெற்றிலை அடக்கிய கன்னம் போலவே இருக்கும். ஒரு நாள் அசர் என்னும் சாயங்காலத் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலை நிர்வகித்த முத்தவல்லி காதர் பாய் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"இன்னா மோதினாரே, வாயில வெத்தலைய வெச்சுகினா பாங்கு சொல்றே?"

வாயைத் திறந்து காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் ரோஷக்காரன், காட்டவில்லை. பாங்கு சொல்லும்போது காதில் விரல் வைப்போம் அல்லவா, அந்த உள்ளங்கையைக் கீழே இறக்கிக் கன்னத்தை மூடிக்கொள்வேன். மாதக்கணக்கில் இப்படியே ஏமாற்றினேன்.

ரமலான் நெருங்கியபோது பேச்சு குழறியது. பாங்கிலேயே நாக்கு பிசகியது. காதர் பாய் வந்து என் கையை விலக்கித் தாடையைத் தொட்டார். கல்லாக இருந்தது. வெற்றிலை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து பட்டணத்துக்கு அனுப்பினார்கள்.

புற்றுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். தாடையை எடுத்துவிடுவார்கள், இனி பாங்கு ஏது? அழுதேன். கையேந்திக் கேட்டேன்: "யா அல்லாஹ், ஏமாத்திட்டேன், மன்னிச்சுடு. உன் பேரச் சொல்ற வாய மட்டும் வுட்டுடு."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மாதுளை முத்துகள் மாதிரி உள்ளே குட்டிக் குட்டிப் பற்கள்.

"புத்து இல்லப்பா. பல்லு உண்டாகுற சதை வழி தப்பி வளந்திருக்கு. அபூர்வமா வரும். எடுத்துட்டா சரியாயிடும்."

அல்ஹம்துலில்லாஹ்! தாடை எலும்பு தப்பியது. ஆபரேஷன் முடிந்தபோது கிண்ணத்தில் இருபத்து மூன்று பற்கள். காதர் பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நா சொன்ன வெத்தலை இதானா? மாப் பண்ணிடு தம்பி" என்றார். தையல் போட்ட வாயோடு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ரமலான் நோன்பு முடிந்து பெருநாளன்று விடியலில் பாங்கு சொல்ல நின்றேன். பழக்கதோஷத்தில் கை கன்னத்துக்கு இறங்கியது. மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சகோதரர்களே, உங்களுக்கும் ஏதாவது கட்டி இருக்கும், உடம்பிலோ மனசிலோ. அதை மூடியிருக்கும் கையை எடுத்து அல்லாஹ்விடம் ஏந்துங்கள். நான் கேட்டது ஒரு வாய். அவன் வாயையும் தந்தான், காதர் பாயையும் தந்தான்.